மெத்தை இல்லாத வீடு

எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது. போட முடியாமல் விட்டதில்லை. விட்டத்துக்கு மரம் அறுத்துக் கிடந்தது, செங்கல் சூளையிலிருந்து வந்து இறங்கியிருந்தது, கொத்தனார் நூலும் கையுமாக வாசலில் நின்றார். என் அம்மாதான் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதை ஊரில் அடக்கம் என்று பேசிக்கொண்டார்கள். என் அம்மாவுக்கு அடக்கம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அவள் செய்தது பழி. கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழி. அதற்குள்தான் நான் இன்றைக்கும் குடியிருக்கிறேன்.

சங்ககிரி மலை கண்ணுக்குத் தெரிகிற மேட்டுக்காட்டு ஊர் எங்களுடையது. எங்கள் பக்கம் மாடி வீட்டை மெத்தை வீடு என்பார்கள். அப்பாவை நாங்கள் அய்யன் என்று கூப்பிடுவோம். அய்யனுக்கு ஒரே அண்ணன். அவர் எனக்குப் பெரியய்யன், அவர் மனைவி பெரியம்மா. பாகம் பிரித்தபோது பழைய வீடு அண்ணனுக்குப் போயிற்று. அதை ஒட்டிய களமும் மாட்டுக்கொட்டகையும் தம்பிக்கு வந்தன. அய்யன் களத்து ஓரத்தில் மண்சுவர் வைத்து, பனையோலை வேய்ந்து, எங்களைக் குடிவைத்தார். பழைய வீட்டோடு சேர்ந்து இன்னொன்றும் பெரியய்யனுக்குப் போனது. குலசாமிப் பெட்டி.

அது ஒரு பழைய மரப்பெட்டி. உள்ளே சாமியின் கத்தி, சலங்கை, பட்டுத்துணி இருக்கும். வருஷம் முழுக்க ஒரு பங்காளி வீட்டில் இருந்துவிட்டு, மாசியில் மட்டும் கோயிலுக்குப் போய்த் திரும்பும். பெட்டி இருக்கிற வீட்டுக்குப் பெட்டி வீடு என்று பெயர். அந்த வீட்டு ஆணுக்குத்தான் கோயிலில் முதல் பரிவட்டமும் முதல் திருநீறும். அந்த வீட்டுப் பெண் அடுப்பு மூட்டிய பிறகுதான் மற்றப் பெண்கள் பொங்கலுக்குத் தீ வைக்கலாம். பதிலுக்குப் பெட்டி வீடு சில கட்டுகளுக்கு அடங்கி நடக்க வேண்டும். விளக்கு அணையக் கூடாது. வீட்டுக்குத் தூரமான பெண் உள்ளே வரக் கூடாது. அந்தக் கூரைக்குக் கீழே குழந்தை பிறக்கக் கூடாது, உயிரும் பிரியக் கூடாது. பெட்டிக்கு நேர் மேலே மனிதக் கால் படக் கூடாது. சாகக் கிடப்பவர்களைத் தூக்கி வெளியே கொண்டுபோய்விடுவார்கள். என் அப்பாரு, அதாவது அய்யனைப் பெற்றவர், அப்படித்தான் மாடுகளுக்கு நடுவில் போய்ச் சேர்ந்தார்.

நிலக்கடலை நல்ல விலைக்குப் போன காலத்தில் பெரியய்யன் பழைய வீட்டின் முன்பாகத்தில் மெத்தை எழுப்பினார். பெட்டி இருந்த அறை பின்பாகத்தில் இருந்ததால் யாரும் குறை சொல்லவில்லை. மெத்தையில் ஒரு ஜன்னல் வைத்தார்கள். அது தெருவைப் பார்த்திருக்கலாம், கிழக்கே வயலைப் பார்த்திருக்கலாம். எங்கள் வாசலைப் பார்த்து வைத்தார்கள். பெரியம்மா மத்தியானச் சாப்பாடு ஆனதும் வெற்றிலைத் தட்டோடு அங்கே வந்து உட்கார்ந்துவிடுவாள்.

எங்களுக்கு வாசல்தான் வீடு. அம்மா சோறாக்குவது, தானியம் புடைப்பது, தலை உலர்த்துவது, ஓலைத் தட்டி மறைவில் குளிப்பது எல்லாம் அங்கேதான். தட்டி மறைப்பது எதிரே வருகிறவனிடமிருந்து. மேலிருந்து பார்க்கிறவளுக்கு ஏது தட்டி? மறுநாள் கிணற்றடியில் நாலு பேர் இருக்கும்போது பெரியம்மா கேட்பாள்: "ஏம்புள்ள, நேத்துக் களிக்கு வெறும் மொளகாதானா? ஒரு கீரையக்கூடக் கிள்ளிப் போட முடியலியா?" அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். வீட்டுக்கு வந்து எனக்கும் அக்காளுக்கும் காரணமில்லாமல் ரெண்டு விழும்.

இதோடு போயிருந்தால் இவ்வளவு தூரம் எழுத மாட்டேன். அக்காளுக்கு நாமக்கல் பக்கத்தில் நல்ல இடத்தில் பேசி, நிச்சயமும் ஆகியிருந்தது. பையன் எங்கள் வீட்டுக்கு வந்து மோர் குடித்துவிட்டுப் போன அன்று அக்காள் மாட்டுக்குத் தண்ணீர் வைக்க மறந்துபோனாள். அவ்வளவு பிடித்திருந்தது அவளுக்கு. அடுத்த மாதம் யார் வீட்டுக் கல்யாணத்திலோ பெரியம்மா பந்தலில் உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் காதில் விழும்படி சொல்லியிருக்கிறாள்: "பொண்ணு நல்ல பொண்ணுதான். அவுங்கம்மா முதுகுலதான் வெள்ளை உளுந்திருக்குது. தெனமும் மேல இருந்து பாக்கறனே, எனக்குத் தெரியாதுங்களா?"

அம்மாவின் முதுகில் இருந்தது வெண்குஷ்டம் இல்லை, சூட்டுத் தழும்பு. சின்ன வயதில் கொதிக்கிற கஞ்சி கொட்டியது. அந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அய்யன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டுப் பெரிய பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு முதுகைக் காட்டிவிட்டால் தீர்ந்துபோகும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அம்மா ஒரே வார்த்தையில் முடித்தாள்: "என்ற முதுகக் காட்டி என்ற புள்ளைக்கு மாப்பிள்ளை புடிக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு வந்த வரன்கள் எல்லாம் வாசல்படி வரைக்கும் வந்து திரும்பின. கடைசியில் மேச்சேரிப் பக்கத்தில், பெரிய ஆட்டுப்பட்டியும் மூத்தாள் பிள்ளைகளும் வைத்திருந்த ஒருவருக்கு அக்காளை இரண்டாம் தாரமாகக் கொடுத்தோம். வண்டி ஏறும்போது அக்காள் யாரையும் பார்க்கவில்லை. வண்டி தெருமுனை திரும்பியதும் அம்மா நிமிர்ந்து அந்த ஜன்னலைப் பார்த்தாள். பெரியம்மா அங்கே உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். "இவளக் கீழ எறக்காம நான் சாகறதில்ல" என்றாள் அம்மா. என்னிடம் சொன்னாளோ தனக்கே சொன்னாளோ, கேட்டவன் நான் ஒருவன்தான்.

அந்த வருஷமே அய்யன் வீடு கட்டத் தொடங்கினார். வீட்டைக் கட்டிப்பார் என்று சும்மா சொல்லவில்லை. மேட்டூரில் அணை வேலை நடந்துகொண்டிருந்த சமயம். கல் கொத்தத் தெரிந்தவன், காரை பூசத் தெரிந்தவன் எல்லாம் அங்கே போய்விட்டான். அய்யன் எப்படியோ ஒரு கொத்தனாரைக் கெஞ்சிக் கூட்டிவந்தார். சங்ககிரி ரயிலடியிலிருந்து சீமை ஓடு வண்டி வண்டியாக வந்து இறங்கியது. எல்லாம் வந்த பிறகு வீட்டில் சண்டை வந்தது. ஒரு தட்டா, இரண்டு தட்டா?

"மெத்த போடோணும். அவ ஊட்டுக்கு மேல ஒரு மொழம் ஒசரமா. அவ வாசலப் பாத்து ஜன்னல் வெக்கோணும்" என்றாள் அம்மா.

"எதுக்குப் புள்ள? மூணு பேரு இருக்கறதுக்கு மெத்த என்னத்துக்கு? மேல ஏறி என்ன பண்றது? ஒரு தட்டுப் போதும்" என்றார் அய்யன்.

"அவ மேல ஏறி என்ன பண்ணுனான்னு ஒங்களுக்குத் தெரியாதுங்களா?"

அய்யன் சமாதானப் பிரியர். அவர் அண்ணன் அவர் தலையில் மிளகாய் அரைத்தால்கூட, அரைத்து முடிந்ததும் துடைத்துக்கொண்டு வந்துவிடுவார். அம்மா பேச்சை நிறுத்தினாள். அவருக்கு வேண்டிய சோற்றை என்னிடம் கொடுத்து அனுப்பினாள். கொத்தனார் தினமும் வந்து, வேம்படியில் துண்டை விரித்துப் படுத்து, இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டுப் போனார். "ரெண்டு பேரையும் ஒரு முடிவுக்கு வரச் சொல்லுங்க சாமி, அணைக்கட்டுல என்னயத் தேடுவாங்க" என்று என்னிடம் சொல்வார். நான் போய்ச் சொன்னால் இரண்டு பேரும் என்னைத்தான் முறைத்தார்கள்.

நாங்கள் மெத்தை போடப் போகிறோம், அதுவும் அவர்கள் வாசலைப் பார்த்து ஜன்னல் வைத்து, என்ற பேச்சு அந்த வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. பெரியம்மா விடுவாளா? நாங்கள் எழும்புவதற்குள் தன் மெத்தையைப் பின்பக்கமும் நீட்டி மூடிவிட வேண்டும் என்று பெரியய்யனை உலுக்கி எடுத்தாள். தன் வாசலே எங்களுக்குத் தெரியாதபடி வீடு முழுக்க மேல்தட்டு. எங்கள் கொத்தனார் வேம்படியில் தூங்கிக்கொண்டிருந்த நாட்களில் அவர்கள் வீட்டில் ராப்பகலாக வேலை நடந்தது. பின்பக்கத்தில்தான் பெட்டி அறை இருந்தது. பெரியய்யனுக்கு அது தெரியாமல் இல்லை. அவர் ஒரு சமாதானம் வைத்திருந்தார். பெட்டிக்கு நேர் மேலே நெல்மூட்டை மட்டும் அடுக்குவது, அந்த இடத்தில் யாரும் நடக்கப் போவதில்லை என்று பங்காளிகளிடம் சொன்னார். மூட்டைக்குக் கால் உண்டா என்று சிரித்துவிட்டு அவர்களும் போய்விட்டார்கள்.

அந்த வருஷம் வைகாசியில் பெரியய்யன் மகனுக்குக் கல்யாணம். விருந்தாளிகள் வந்து வீடு நிறைந்தது. புதுப்பெண்ணோடு சீர்வரிசையாக ஒரு பெரிய தேக்குக் கட்டில் வந்திருந்தது. அது மாடிப்படியில் திரும்பவில்லை. கயிறு கட்டி எங்கள் வாசல் பக்கமாக வெளிச்சுவர் வழியே மேலே தூக்கினார்கள். அம்மா முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். கட்டில் தலைக்கு மேலே ஆடி ஆடிப் போவதை முறத்தைக் கையில் பிடித்தபடியே பார்த்தாள். பின்பக்கத்து அறைக்குள் அதை இழுத்தார்கள். நெல்மூட்டைகள் முன்பக்கத்துக்கு நகர்ந்தன. அந்த வீட்டில் எந்த அறைக்குக் கீழே எந்த அறை என்று அம்மாவுக்குத் தெரியும். பாகம் பிரிக்கும் வரை அந்தப் பெட்டி அறையை மெழுகியவள் அவள்தான்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் சிரித்தாள். என் ஆயுளில் அந்தச் சிரிப்பை மறக்க மாட்டேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, அத்தனை நாளாகப் பேசாத அய்யனிடம் போய், "ஏனுங்க, நீங்க சொன்னதுதான் சரி. ஒரு தட்டே போதுமுங்க" என்றாள். அய்யனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பெண்சாதிக்குப் புத்தி வந்துவிட்டது என்று நம்பினார், பாவம்.

என்னிடம் மட்டும் அம்மா வாயை மூடச் சொன்னாள். இப்போதே சொல்லிவிடலாமே என்று நான் துடித்தேன். "பங்காளியவும் பனங்காயவும் பதம் பாத்து வெட்டோணும் சாமி. இன்னிக்குச் சொன்னா நாளைக்குக் கட்டல நகத்திப் போட்டுட்டு, அப்படியெல்லாம் இல்லீங்கன்னுருவாங்க. நம்ம ஊடு மொதல்ல எந்திரிக்கட்டும்" என்றாள். எனக்கு அப்போது மீசை அரும்பியிருந்தது. அவள் சொன்னது முழுக்கப் புரிந்தது. புரிந்தது மட்டுமில்லை, இனித்தது.

வீடு எழுந்தது. வடகிழக்கு மூலை அறையை அம்மாவே நின்று கட்டுவித்தாள். அந்த அறைக்கு அட்டாலிகூட வேண்டாம் என்றாள். சாமான் போடப் பலகை இல்லாமல் ஒரு அறையா என்று கொத்தனார் கேட்டார். "மேல ஒரு பானைகூட இருக்கக் கூடாது" என்றாள். புதுமனைக்கு வந்த பெரியம்மா அண்ணாந்து ஓட்டைப் பார்த்துவிட்டுச் சபையில் கேட்டாள்: "மெத்த மெத்தன்னு ஊரெல்லாம் சொன்னீங்க, கடைசியில கோழிக்கூடாட்டப் போச்சேம்புள்ள?"

"எங்களுக்கு இது போதுமுங்க்கா" என்று அம்மா அவளுக்கு இன்னொரு பணியாரம் வைத்தாள்.

அடுத்த மாசியில் பங்காளிகள் எல்லாரும் கோயில் அரசமரத்தடியில் கூடினார்கள். பெட்டி எடுக்கும் நாள் குறிக்கிற கூட்டம். பெண்கள் ஒதுக்கமாக நிற்பார்கள், பேச மாட்டார்கள். நாள் குறித்து முடித்து, "வேற யாராச்சும் எதாச்சும் சொல்லோணுமா?" என்று மூத்த பங்காளி வழக்கமாகக் கேட்டார். வழக்கமாக யாரும் எதுவும் சொல்வதில்லை. அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தாள்.

"ஒண்ணு கேக்கோணுமுங்க. சாமிக்கு நேர் மேல கட்டல் போட்டு, கல்யாணமான புள்ளைக படுத்துப் பொழங்குனா, அதுக்கு என்ன பரிகாரமுங்க?"

அய்யன் முகம் வெளுத்தது. பெரியய்யன் எழுந்து, அப்படி எதுவும் இல்லை, யார் சொன்னது என்று கத்தினார். மருமகள் அப்போது நிறைமாதம். கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்தது, அவள் தலையைக் குனிந்தாள். அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. பங்காளிகள் அப்படியே எழுந்து பழைய வீட்டுக்குப் போனார்கள். மாடிப்படி ஏறினார்கள். பின்பக்கத்து அறை வாசலில் வந்ததும் மூத்தவர் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். "இதுக்கு மேல நான் கால வெக்க மாட்டேன், எனக்குக் கண்ணு வேணும்" என்றார். பின்னால் வந்தவர்கள் படியில் ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள். கட்டில் எல்லாருக்கும் தெரிந்தது. அதன்மேல் உலர்த்தியிருந்த சேலையும் தெரிந்தது.

பெட்டி அன்றைக்கே வீடு மாற வேண்டும் என்று ஆயிற்று. எந்த வீட்டுக்கு? ஒருவர் வீட்டில் அட்டாலியில் புழக்கம் இருந்தது. ஒருவர் வீட்டில் பெட்டி வைக்க ஒதுக்கமான அறை இல்லை. ஒருவர் வீட்டில் ஆடும் ஆளும் ஒரே இடத்தில் படுத்தார்கள். வீடு வீடாக யோசித்து, ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பி, கடைசியில் எல்லாரும் எங்கள் வடகிழக்கு மூலை அறையைப் பார்த்தார்கள்.

பெட்டி ஒரு வீட்டை விட்டுப் போகும்போது, அந்த வீட்டு மூத்த பெண் தன் கையால் விளக்கை ஏந்திக்கொண்டு போய்ப் புது வீட்டுப் பெண்ணிடம் கொடுக்க வேண்டும். எப்போதோ ஏற்பட்ட முறை. பெரியம்மா விளக்கோடு மாடி வீட்டிலிருந்து இறங்கி, எங்கள் களத்தைக் கடந்து வந்தாள். ஊரே இருபக்கமும் நின்றது. விளக்கின் எண்ணெய் அவள் மணிக்கட்டில் வழிந்தது. அம்மா நிலைப்படியில் நின்றாள். எதிரே ஒரு ஆள் வந்தால், விரோதியாக இருந்தாலும், வாங்க என்று சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா சொல்லவில்லை. விளக்கை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பெரியம்மா வெறுங்கையோடு வெயிலில் நின்றாள். பிற்காலத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், காடு விளைந்தது. அந்த ஒரு நாளின் சந்தோஷம் எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது?

பெரியய்யன் அந்த மாதமே பின்பக்கத்து மெத்தையை இடித்துத் தள்ளி ஓடு போட்டார். பெட்டியைத் திருப்பித் தாருங்கள் என்று பங்காளிகள் காலில் விழாத குறையாகக் கேட்டார். வந்த வீட்டில் குறை வராத வரைக்கும் பெட்டி அசையாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த வார்த்தையைப் பெரியம்மா பிடித்துக்கொண்டாள். முன்பக்கத்து மெத்தையும் ஜன்னலும் அப்படியே இருந்தன. முன்பு பொழுதுபோக்குக்குப் பார்த்தவள் இப்போது வேலையாகப் பார்த்தாள். எங்கள் வீட்டில் ஒரு குறை வர வேண்டும், அதற்காகக் காத்திருந்தாள். அம்மா வரவிடக் கூடாது என்று காத்திருந்தாள். இரண்டு பெண்கள் இப்படியே வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மாவுக்கு அப்புறம் வெளியூர் ராத்தங்கல் கிடையாது. விளக்கு அணைந்துவிடுமே. சொந்தத் தம்பி கல்யாணத்துக்குக்கூடக் காலையில் போய் முகூர்த்தம் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் வண்டி ஏறினாள். யுத்தம் வந்து எண்ணெய்க்குத் திண்டாடிய நாட்களில் நாங்கள் தாளிக்காத குழம்பு சாப்பிட்டோம். விளக்குக்கு மட்டும் எண்ணெய் குறையவில்லை.

அக்காள் தலைப்பிரசவத்துக்கு வந்தது பெட்டி வந்த வருஷத்து ஐப்பசியில். வீட்டுக்குள் பிள்ளைப்பேறு கூடாது என்பதால் களத்து மூலையில் ஓலைக் குடிசை போட்டிருந்தோம். அடைமழை. குடிசை நாலு பக்கமும் ஒழுகியது. வலி எடுத்து அக்காள் அலறியபோது அம்மா எங்கள் கூரை விளிம்புக்குக் கீழே நின்றுகொண்டு மருத்துவச்சிக்குச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே போய்த் தொட்டால் தீட்டு, தொட்டவள் மறுபடி விளக்கிடம் போக முடியாது. மேலே ஜன்னல் திறந்தது. "ஏம்புள்ள, புள்ளய ஏன் மழையில போட்டிருக்கற? எங்கூட்டுக்குத் தூக்கியாங்க. எங்கூட்லதான் சாமி இல்லியே" என்றாள் பெரியம்மா. அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

குழந்தை பிழைத்துக்கொண்டது. அக்காளுக்குச் சளிக்காய்ச்சல் கண்டு எழ வெகுநாள் ஆயிற்று. மேச்சேரிக்குத் திரும்பும்போது வண்டியில் உட்கார்ந்துகொண்டு அம்மாவிடம் சொன்னாள்: "என்ற பழிய வாங்கறேன்னு என்னயவே மழையில போட்டீங்களேம்மா." அதன்பின் அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அதையும் அம்மா பெரியம்மா கணக்கில்தான் எழுதிக்கொண்டாள். நானும் அப்படித்தான்.

அய்யன் யாருக்கும் சிரமம் வைக்காமல், உடம்புக்கு முடியவில்லை என்றதும் தானே கொட்டகையில் கட்டிலைப் போட்டுப் படுத்து, அங்கேயே கண்ணை மூடினார். அதற்குப் பின்னால் பெரியய்யனும் போனார். பரிவட்டம் எனக்கு வந்தது. எதிரும் புதிருமாக இரண்டு வீடுகளில் இரண்டு தாலியறுத்த பெண்கள் மிஞ்சினார்கள்.

அம்மா விழுந்தது ஒரு தை மாதம். நெஞ்சில் வலி என்றாள். விளக்குக்குத் திரி போட்டுவிட்டு அந்த அறை வாசலிலேயே சாய்ந்துவிட்டாள். கூடத்தில் கட்டிலில் கிடத்தினோம். பெண்கள் கூடிவிட்டார்கள். காலை வெயில் ஏறும் நேரத்தில் பெரியம்மாவும் வந்தாள். புதுமனைக்கு வந்த நாளுக்குப் பிறகு அவள் எங்கள் நிலையைத் தாண்டியது அன்றைக்குத்தான். சாகக் கிடக்கிற ஓரகத்தியைப் பார்க்க வராவிட்டால் ஊர் காறித் துப்பும். கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்தது எதற்கென்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

"என்னயத் தூக்கி வெளிய போடுடா" என்றாள் அம்மா. இன்னும் நேரம் இருக்கிறது என்றேன். "தூக்குடா. என்ற உசுரு உள்ளயே போனா பொட்டி போயிரும்." நானும் ஒரு பங்காளிச் சித்தப்பாவும் கட்டிலைத் தூக்கினோம். கால்மாட்டை முன்னால் விட்டுத் தூக்கவும் அம்மா சீறினாள். "தலைய மொதல்ல கொண்டு போங்கடா, நான் இன்னும் பொணமாகல." கட்டிலைத் திருப்பினோம். அந்தத் திருப்பலில் நேரம் போயிற்று. சித்தப்பா தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து முன்னால் நடந்தார், அவர் முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நான் கால்மாட்டில், அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி. மற்றப் பெண்கள் வழிவிட்டு வெளியே போய்விட்டார்கள். பெரியம்மா தூணருகில் இருந்தாள்.

கட்டில் தூணைத் தாண்டும்போது அம்மா போய்விட்டாள். நிலைக்கு இன்னும் எட்ட வேண்டியிருந்தது. ஒரு விக்கல், வாய் லேசாகத் திறந்தது, கண் நிலைத்தது. எனக்குச் சந்தேகமே இல்லை. நிமிர்ந்தேன். பெரியம்மா அம்மாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் நடந்தேன். நிலையைத் தாண்டி, களத்துக்கு வந்து, கட்டிலை வெயிலில் இறக்கினோம்.

முறைப்படி மூத்த பங்காளி வந்து கேட்டார். திறந்திருந்த நிலை வழியே, நேர் எதிரே, பெட்டி அறைக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெட்டி வீட்டில் கேட்கிற இந்தக் கேள்விக்குப் பொய் சொன்னால் கண் போய்விடும் என்று சொல்லி வளர்த்தவர்கள் எங்களை.

"உசுரு எங்க பிரிஞ்சுது?"

என் அம்மாவின் ஆயுள் முழுக்க அந்த ஒரு பதிலில் நின்றது. வெளியே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. மூத்தவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முடிந்தது, பெட்டி போயிற்று என்று நினைத்தேன்.

"வெளிய வந்துதானுங்க போச்சு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பெரியம்மா. "நான்தான் கூட இருந்தனே. நெலையத் தாண்டி, இந்த மண்ணுல கட்டல வெச்சப்பறம்தான் போச்சு. நல்லாப் பாத்தனுங்க."

அவள் சொன்னதை யார் சந்தேகப்படுவார்கள்? பெட்டி போனால் லாபம் அவளுக்குத்தான் என்று குழந்தைக்கும் தெரியும். மூத்தவர் தலையை ஆட்டினார். பெண்கள் அழத் தொடங்கினார்கள். நான் அழவில்லை. காதில் காய்ச்சிய ஈயத்தை ஊற்றியது மாதிரி நின்றேன்.

கருமாதி முடிந்த மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். வீட்டுப் பின்னால் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். நன்றி சொல்ல வந்தவன் என்று நினைத்தாளோ என்னவோ, "உக்காரு சாமி" என்றாள். நான் உட்காரவில்லை. அவள் தவிட்டுக் கையைத் தொட்டியில் அலசி, சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"உங்கம்மா பொட்டியப் புடுங்கிட்டுப் போனா. இப்ப நானாக் குடுத்துட்டேன். அவ்வளவுதான். போயி வெளக்கப் பாரு" என்றாள்.

அடுத்த மாசியில் கோயிலில் பரிவட்டம் எனக்குத்தான் கட்டினார்கள். முதல் திருநீறு என் கையில் விழுந்தது. பெண்கள் வரிசையில் பெரியம்மா பின்னால் எங்கேயோ நின்று கும்பிட்டாள். அவள் பெட்டியைத்தான் கும்பிட்டாள், என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவள் அக்காளின் வாழ்க்கையைக் கெடுத்தாள், அதை மறக்கவில்லை. எங்கள் வாசலை வருஷக்கணக்காகப் பார்த்தாள், அதையும் மறக்கவில்லை. அதற்கெல்லாம் அம்மா வாங்கிய பழியை, ஒரே ஒரு பொய்யால் எனக்குப் பிச்சையாகப் போட்டுவிட்டாள். அதை மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன்.